கலிங்கம் வென்ற அசோகர்

கலிங்கத்துப் பரணியைச் சுவைத்துப் பழகிய நமக்குப் போர்க்களம் என்றதும் பேய்கள் கூழடும் விந்தைக் காட்சியே நினைவில் எழுகிறது. அப்போருக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கும் முன்னரே, கி.மு. 261-ஐ ஒட்டி, அதே கலிங்கத்தை வென்றவர் அசோகர். சந்திரகுப்தரின் பேரர், பிந்துசாரரின் மைந்தர். அவர் முடிசூடி அப்போது எட்டாண்டுகள் ஆகியிருந்தன.

வென்ற வேந்தர் கொண்ட களிறுகளையும் நாடுகளையும் எண்ணிப் பெருமை பேசுவதே நாம் அறிந்த மெய்க்கீர்த்தி மரபு. இவரோ தம் 13-ஆம் பாறைக் கல்வெட்டில் அழிவை எண்ணினார்: கொல்லப்பட்டோர் 1,00,000, நாடு பெயர்க்கப்பட்டோர் 1,50,000, பிறவாறு மடிந்தோர் அதனினும் பன்மடங்கு. உற்றாரை இழந்து உயிரோடிருப்போர் துயரையும் அவர் மறைக்கவில்லை. அவ்வருத்தம் மெய்யானதே என்பது நம் துணிபு.

ஆயினும் கி.மு. 232 அளவில் மறையும்வரை கலிங்கத்தை அவர் விடுவிக்கவில்லை. அக்கணக்கைத் தோற்றோர் வாழ்ந்த தௌலியிலும் ஜௌகடாவிலும் பொறிக்கவுமில்லை. குடிகளைத் தம் மக்களெனப் பேணுமாறு அதிகாரிகட்கு இட்ட ஆணைகளையே அங்கு வைத்தார்.