ஐந்து டொலருக்குப் போன போர்வை

ஹரியெட் பவர்ஸ் 1837 ஒக்டோபர் 29 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் என்ற ஊருக்கு அருகே அடிமையாகப் பிறந்தார். அவர் தைத்தவற்றில் இன்று எங்களுக்குக் கிடைத்திருப்பவை இரண்டே இரண்டு துண்டுத்துணிப் போர்வைகள். ஒன்று வொஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலும் மற்றது பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. தையல் பழக்குகிற எனக்கு அவற்றின் படங்களில் முதலில் தையல்தான் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன்.

1855 இல் ஆம்ஸ்டெட் பவர்ஸைத் திருமணம் செய்தார். அமெரிக்க உள்நாட்டு யுத்தம் 1865 இல் முடிந்தபோது விடுதலை கிடைத்தது. ஆனால் கையில் எதுவும் இல்லை. 1880களில்தான் குடும்பம் நான்கு ஏக்கர் காணிக்குச் சொந்தமானது.

1886 இல் ஏதென்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சியில் தன்னுடைய போர்வையை வைத்தார். அதில் பதினொரு கட்டங்கள். ஏதேன் தோட்டம், காயீன் ஆபேலைக் கொன்றது, யாக்கோபின் கனவு, முப்பது வெள்ளிக்காசுடன் யூதாஸ், கடைசி இராப்போசனம் என்று வேதாகமக் கதைகளை மனிதர், மிருகம், நட்சத்திர உருவங்களாக வெட்டிப் பதித்துத் தைத்திருந்தார். கையாலும் தையல் மெஷினாலும் தைத்த வேலை அது.

மெஷினில் தைப்பவர்களுக்கு அந்த வளைவுகளின் கஷ்டம் தெரியும். அக்கால வீட்டு மெஷின் நேராகத்தான் தைக்கும். அப்படியான மெஷினில் வளைவு தைப்பதென்றால், ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி பாதத்தை இறக்க வேண்டும். இன்று நாங்கள் துணியை இழுக்கும் பற்களைக் கீழே இறக்கி, அதற்கான பாதத்தைப் பூட்டி, கையால் நகர்த்தியே எந்த உருவமும் தைக்கலாம். அப்போதும் பாதத்தை இறக்க மறந்தால் அடியில் நூல் சிக்குப்பட்டுக் கூடுகட்டும். மேல்நூல் இறுக்கம் கூடினால் பொபின் நூல் மேலே தெரியும். மெஷின் வேகமாக ஓட, கை மெல்ல நகர்ந்தால் தையல் நெருங்கிக் குவியும்; கை முந்தினால் நீண்டு போகும். அதனால் அதே துணியில் அதே அளவு அடுக்கு வைத்து ஒரு துண்டில் முதலில் தைத்துப் பார்க்கச் சொல்வேன்.

கண்காட்சியில் அந்தப் போர்வையைக் கண்ட ஓவிய ஆசிரியை ஜெனி ஸ்மித் அதை விலைக்குக் கேட்டார். ஹரியெட் எந்த விலைக்கும் தர மறுத்தார். சில வருடங்களில் குடும்பத்தில் பணக்கஷ்டம் வந்தது. மாப் பைக்குள் வைத்து, அதன்மேல் சாக்குச் சுற்றி, போர்வையை மடியில் வைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஸ்மித்தின் வாசலுக்கு வந்தார். பத்து டொலர் கேட்டார். கிடைத்தது ஐந்து. கணவரும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

கொடுத்துவிட்டு அவர் பேசாமல் திரும்பிப் போகவில்லை. ஒவ்வொரு கட்டமும் என்ன சொல்கிறது என்று விளக்கினார். ஸ்மித் எழுதி வைத்தார். பின்னரும் பல தடவை தன் போர்வையைப் பார்ப்பதற்காகவே அந்த வீட்டுக்குப் போய்வந்தார்.

இரண்டாவது போர்வை 1895 க்கும் 1898 க்கும் இடையில் தைத்தது. அதன் பதினைந்து கட்டங்களில் வேதாகமத்துடன் ஊர்க்கதைகளும் இருக்கின்றன. 1780 இன் இருண்ட நாளும், 1833 இல் வானத்தில் இருந்து எரிநட்சத்திரங்கள் கொட்டிய இரவும் அதில் உண்டு. இரண்டுமே அவர் பிறப்பதற்கு முன் நடந்தவை. சனங்கள் வாய்வழியாகச் சொன்னதைத் துணியில் பதித்திருக்கிறார். ஜோர்ஜியாவில் இருந்து வேர்ஜீனியாவுக்கு ஐந்நூறு மைல் ஓடிய பெற்ஸ் என்ற பன்றியும் ஒரு கட்டத்தில் நிற்கிறது. தப்பியோடிய அடிமைகளின் கதை அதற்குள் ஒளிந்திருப்பதாகச் சிலர் வாசிக்கிறார்கள்.

எழுத்தறிவில்லாத பெண் என்றே அவரைப் பற்றி நெடுங்காலம் எழுதினார்கள். 1896 இல் அவர் எழுதிய கடிதமொன்றின் விபரம் 2009 இல் வெளிவந்தபோதுதான், அவர் வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவர், வேறு போர்வைகளும் தைத்தவர் என்று தெரிந்தது. 1910 ஜனவரி 1 இல் இறந்தார். ஏதென்ஸில் அவருடைய கல்லறை எதுவென்று 2005 இல்தான் மறுபடி அடையாளம் கண்டார்கள்.

ஐந்து டொலருக்குப் போன அந்தப் போர்வை இன்றும் அவருடையதாக இருப்பதற்குக் காரணம், அவர் சொன்னதையும் யாரோ அதனுடன் சேர்த்து வைத்ததுதான். எங்களிலும் எத்தனை பேர் இடம்பெயர்ந்த வழியில் தாலியை, தையல் மெஷினைக் கிடைத்த விலைக்குக் கொடுத்தோம். அவை திரும்பி வராது. மிஞ்சியது ஒரு சீலையோ தலையணை உறையோ என்றாலும், அதைத் தைத்த அம்மா இன்னும் இருந்தால், யாருக்காக, எந்த ஊரில் இருந்தபோது தைத்தார் என்று கேளுங்கள். பெயரும் வருடமும் எழுதி அதனுடனேயே மடித்து வையுங்கள்.