தமிழ்த் தாத்தா சொன்னதெல்லாம் மெய்தானா?

இக்கட்டுரையை ஓர் ஒப்புதலோடு தொடங்க வேண்டியிருக்கிறது. ஈராண்டுகளுக்கு முன், ஸ்கூடாயில் நம் வளாக மண்டபத்தில் நடந்த தமிழ் நிகழ்ச்சியில் டாக்டர் உ.வே.சாமிநாதையரைப் பற்றி ஏழு நிமிடம் பேசினேன். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் தீயில் இடப்பட்ட கதைதான் அப்பேச்சின் உச்சக்கட்டம். எரியும் குண்டத்தின் முன் ஐயர் கதறி அழுததாகவும், நெருப்புக்குள் கையை விட்டு ஓர் ஏட்டை மீட்டதாகவும் சொன்னேன். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு.

மறுவாரம் வாசிப்பு வட்டத்தில் முதலாமாண்டுத் தங்கை ஒருவர், அந்த அழுகை ‘என் சரித்திரம்’ நூலில் எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று மிகப் பணிவாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் அந்த நூலைப் படித்ததே இல்லை. எங்கோ கேட்ட பேச்சு, எதிலோ படித்த புகழுரை, மிச்சமெல்லாம் என் சொந்தச் சரக்கு. அவர் தம் பையிலிருந்து தடித்த நூலை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். ஐயர் அவ்வூருக்குப் போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டிருக்கிறது. சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்ட செய்தியைக் கோயிலைச் சேர்ந்தவர் சொல்ல, இவர் கேட்டு மனம் நொந்து திரும்புகிறார். அவ்வளவுதான். எரிந்த தீயை அவர் பார்க்கவே இல்லை.

தங்கை அத்தோடு விடவில்லை. நான் கூட்டிச் சொன்னதைப் போல ஐயரும் கூட்டிச் சொல்லியிருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். அக்கேள்விதான் என்னை அரையாண்டு விடுமுறை முழுதும் 122 அத்தியாயங்களையும் படிக்க வைத்தது.

ஐயரின் வாழ்க்கையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தவர். பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரம் அவருடைய ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர், வருமானம் நிலையில்லாதவர். மகனுக்குத் தமிழ்மேல் பித்துப் பிடித்துவிட்டதால் ஆசிரியர் தேடி ஊர் ஊராகக் குடும்பம் அலைந்தது. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். 1876இல் ஆசிரியர் மறைந்தார். 1880இல் தியாகராச செட்டியாரின் முயற்சியால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என அடுத்தடுத்துப் பதிப்புகள் வந்தன. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார்; 1919இல் ஓய்வு பெற்றார். தம் கதையை எழுதத் தொடங்கியதோ 1940 ஜனவரியில், ஆனந்த விகடனில் வாரத் தொடராக. அப்போது வயது எண்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

இங்குதான் என் ஐயமும் தொடங்கியது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய உரையாடல்களை ஐயர் சொல்லுக்குச் சொல் எழுதுகிறார். போன வாரம் விரிவுரையில் கேட்டதே எனக்கு நினைவில்லை. ஒரு பெரியவருக்கு 1871இல் கேட்ட பேச்சு எப்படி அப்படியே நினைவிருக்கும்?

பொறியியல் மாணவனின் புத்தி சோதித்துப் பார்க்கச் சொன்னது. சேலம் இராமசாமி முதலியாரைத் தாம் முதலில் சந்தித்த நாள் 21-10-1880, வியாழக்கிழமை என்று ஐயர் குறிக்கிறார். தாளும் எழுதுகோலுமாக உட்கார்ந்து அந்நாளின் கிழமையைக் கணக்கிட்டேன். வியாழன்தான்! அன்று இரவு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் காலையில் தெளிந்தது. கிழமை சரியாக இருப்பதால் அதைப் பஞ்சாங்கத்தோடோ பழைய குறிப்போடோ ஒத்துப் பார்த்திருக்கிறார் என்று கருதலாம். அன்று இருவரும் பேசிய சொற்களும் சரி என்று அதனால் ஆகிவிடாது. நாள் ஒரு வகைச் சான்று. பேச்சு வேறு வகை. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது.

அந்தச் சந்திப்பையே பாருங்கள். முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்தவர். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு ஐயர் அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ், புராணம் என்று பெருமையோடு பட்டியல் போடுகிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். இல்லை. பிறகு சிந்தாமணிப் பிரதி கைக்கு வந்தபோது, மகாவித்துவானின் மாணவனுக்கு இதுவா கடினம் என்று திறக்கிறார், தட்டித் தடுமாறுகிறார். கும்பகோணத்துச் சைனர்களிடம் போய்க் கேட்டுக் கேட்டுத்தான் பொருள் விளங்கிக்கொள்கிறார். மகாமகோபாத்தியாயப் பட்டமும் டாக்டர் பட்டமும் பெற்றுத் தமிழுலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஒருவர், தமக்குத் தெரியாமல் இருந்ததை நாடறிய எழுத வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. முதலியார் 1892இலேயே இறந்துவிட்டார். மறைத்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே சொற்கள் சற்று முன்பின்னாக இருந்தாலும் அந்தத் தோல்வி உண்மை என்றே நான் நம்புகிறேன்.

இசைச் செய்தியும் இத்தகையதே. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்றதைத் தம் ஆசிரியரிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். பாரதியார் வாயாலேயே அது வெளிப்பட்டது. பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று உணர்ந்ததும் இசைப்பாடத்தை விட்டுவிட்டார். ஆசிரியரைத் தெய்வமாக வைத்து எழுதும் நூலில் அந்தச் சிறு கள்ளத்தனத்துக்கும் இடம் இருக்கிறது, ஆசிரியரின் அந்தச் சிறு மனக்குறுகலுக்கும் இடம் இருக்கிறது.

ஆனால் எல்லா இடத்திலும் எனக்கு இந்த நிம்மதி கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை வரும் இடத்தில் நின்றுவிட்டேன். அவர் ஐயருக்கு மூத்தவர். வீரசோழியம், இறையனார் அகப்பொருள், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்து முன்னோடியாக நின்றவர். சிந்தாமணி ஏடுகளைத் தம்மிடம் தந்தால் தாமே அச்சிடுவதாகக் கேட்டார், ஐயர் மறுத்தார். இது ஐயரின் நூலில் உள்ள செய்தி. ஐயரைப் படிக்கும்போது ஐயர் பக்கமே நியாயம் என்று தோன்றுகிறது. தோன்றத்தானே செய்யும்? பேசுபவர் அவர் ஒருவர் மட்டுமே. தாமோதரம் பிள்ளை 1901ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே மறைந்தவர். 39 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டதற்கு அவரால் பதில் சொல்ல இயலாது. அச்சேற்றுவதில் நிறைந்த அனுபவம் உள்ளவரிடம் ஏடுகள் போயிருந்தால் சிந்தாமணி முன்னதாகவே வெளிவந்திருக்குமோ என்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஐயர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. எதிர்க்கட்சிக்காரர் இல்லாத நீதிமன்றத்தில் சாட்சி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தீர்ப்பைச் சற்றுத் தள்ளி வைப்பதுதானே முறை?

நல்லவேளையாக ஐயரே நமக்கு ஒரு வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தமக்கு வந்த கடிதங்களை அவர் எறியவில்லை. ஆயிரக்கணக்கான கடிதங்கள் 1943இல் தோன்றிய அவர் பெயரிலான நூல்நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் 1900 வரையிலானவற்றை ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பித்து, 2018இல் ‘கடிதக் கருவூலம்’ என்ற முதல் தொகுதியாக வெளிவந்தது. தமக்கு எதிராகவும் பேசக்கூடிய காகிதங்களைக் கட்டிக் காப்பாற்றுவது, கதை கட்டுபவர் செய்யும் காரியமாக எனக்குத் தோன்றவில்லை. தன்வரலாற்றையும் கடிதங்களையும் அவர் பதிப்புகளின் முன்னுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வசதி இன்று நமக்கு இருக்கிறது. அன்று விகடன் வாசகருக்கு அது இல்லை.

சொல்லாமல் விட்டவை வேறு. திருமணம் பற்றிய பகுதிக்குப் பிறகு மனைவியார் அந்த நூலில் மிக அரிதாகவே தலைகாட்டுகிறார். ஏடு ஏடென்று ஊர் ஊராக அலைந்தவரின் வீட்டை யார் நடத்தினார்கள்? நூல் பேசவில்லை. அக்காலத்து ஆண்கள் பலரும் மனைவியைப் பற்றி எழுதுவதை நாகரிகக் குறைவாக நினைத்தார்கள் என்பது தெரிந்ததே. இருந்தாலும் அந்த வெற்றிடம் எனக்கு உறுத்துகிறது. மாறாக, வேளாளரான ஆசிரியரிடம் பாடம் கேட்டுவிட்டு உணவுக்கு அந்தணர் வீட்டைத் தேடிப் போவதை அவர் எவ்விதக் கூச்சமும் இல்லாமல் எழுதுகிறார். அவருக்கு அது இயல்பு. ஆகையால் மறைக்கத் தோன்றவில்லை. சமூக வரலாறு படிப்பவருக்கு, எண்ணிப் பார்த்துச் சொன்ன செய்திகளைவிட இப்படித் தற்செயலாகச் சிந்தியவை அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. முதுமையில் அவர் சொல்லச் சொல்ல எழுதி உதவியவர்களுள் மாணவர் கி.வா.ஜகந்நாதன் முதன்மையானவர். வார இதழுக்குரிய ஓட்டமும், அத்தியாய முடிவில் வாசகரை இழுத்து நிறுத்தும் நயமும் நூலில் உண்டு. அதில் எத்தனை பங்கு யாருடையது என்று பிரிப்பது கடினம். அந்த நயத்தை நான் ரசித்தேன். ரசித்த இடங்களில்தான் கொஞ்சம் விழிப்பாகவும் இருந்தேன்.

தொடர் முடியவில்லை. கதை 1899 அளவில் நின்றுபோயிற்று. காரணம் போர். 1942 ஜனவரி இறுதியில் பிரிட்டிஷ் படைகள் நம் ஸ்கூடாய்ச் சாலை வழியாக ஜொகூர் பாருவுக்குப் பின்வாங்கி, 31ஆம் நாள் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் புகுந்தன. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்தது; சென்னை மக்கள் ஊரைக் காலி செய்தார்கள். ஐயர் குடும்பம் திருக்கழுக்குன்றம் சென்றது. அங்கே ஏப்ரல் 28ஆம் நாள் அவர் காலமானார். 1950இல்தான் ‘என் சரித்திரம்’ முழு நூலாக வந்தது. பிற்பாதி வாழ்க்கையைப் பின்னாளில் கி.வா.ஜ. ‘என் ஆசிரியப்பிரான்’ என்ற நூலில் எழுதினார். பேருந்துக்காக அந்தச் சாலையோரம் நிற்கும்போதெல்லாம், இவ்வழியே போன போர் அங்கே ஒரு முதியவரின் கதையைப் பாதியில் அறுத்ததை நினைத்துக்கொள்வேன்.

இவ்வாண்டு நிகழ்ச்சியில் மீண்டும் பேச வாய்ப்புக் கிடைத்தது. ஈராண்டுக்கு முன் நான் சொன்னது தவறு என்று மேடையிலேயே சொல்லிவிட்டு, கரிவலம்வந்தநல்லூர்ச் செய்தியை நூலில் உள்ளபடி கூறினேன். கைதட்டல் சுமார்தான். முன்வரிசையில் அந்தத் தங்கை சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்ததும் முதியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பேச்சு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஐயர் நெருப்பில் கைவிட்ட பகுதியை ஏன் எடுத்துவிட்டாய் என்று வருத்தத்தோடு கேட்டார்.