பொதுக் கிணற்றுக்கு வழி கேட்டவர்: இரட்டைமலை சீனிவாசன்

சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, சமவெளியில் இறங்கிப் பாலாற்றில் கலக்கிறது. அப்பாலாறு பாயும் செங்கல்பட்டு மண்ணில், கோழியாளம் என்னும் சிற்றூரில், 1859இல் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். மலைக் கிராமங்களுக்காகக் குடிநீர் மனு எழுத அமரும்போதெல்லாம் நாம் அவரையே நினைத்துக்கொள்கிறோம்.

1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். இழிவாக எறியப்பட்ட பெயரையே தலைப்பாக்கி, 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1900இல் கடல் கடந்தவர், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி 1921இல் திரும்பினார். 1923இல் சென்னை மாகாணச் சட்டசபையின் நியமன உறுப்பினரானார்.

அக்காலத்தில் அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. தொழிலாளர் துறை சேரிகளில் கிணறுகள் வெட்டித் தந்தது. ஆனால் அவை தனிக் கிணறுகள். தாகம் தீர்ந்தது; தீண்டாமை அப்படியே நின்றது. சீனிவாசன் கேட்டது வேறு. பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகிய யாவற்றிலும் எவரும் தடையின்றி நுழையலாம் என்று அரசு அறிவிக்க வேண்டும் என்றார். 1924 ஆகஸ்டு 22 அன்று அத்தீர்மானத்தைச் சபையில் முன்மொழிந்தார். அது நிறைவேறி, செப்டம்பர் 25 அன்று அரசாணையாக வெளிவந்தது. மகாடு குளத்தில் அம்பேத்கர் இறங்கி நீர் அருந்துவதற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் முன்பு நடந்தது இது. நம் பாடநூல்கள் இதை ஒரு வரியிலேனும் சொல்லியிருக்கலாம்.

வழக்கறிஞர்களாக நாம் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஆணை உரிமையை அறிவித்தது. மறுப்பவருக்கான தண்டனையை அதில் காணோம். அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்போ, ஆதிக்கச் சாதியினர் கைகளில் இருந்த உள்ளாட்சி அமைப்புகளிடம் போய்ச் சேர்ந்தது. 1938இல் எம்.சி.ராஜா கொண்டுவந்த சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் வரை அந்த இடைவெளியின் பெரும்பகுதி நீடித்தது.

வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்த சீனிவாசன், 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். ஐந்தாண்டுகளுக்குள் அவருடைய கோரிக்கை அரசமைப்பின் 15(2)ஆம் பிரிவில் இடம்பெற்றது. ஊற்று நீரை மாசுபடுத்துவதை 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. சவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கும் அப்பாதுகாப்பு உண்டு.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் மலம் கலக்கப்பட்டது, தலித் மக்களுக்கெனத் தனியாகக் கட்டப்பட்ட மேல்நிலைத் தொட்டியில்.