தாகூரின் 'விஜயா': கவிஞரைப் படித்து நேசித்த அர்ஜென்டினப் பெண்ணின் கதை

மேற்கு வங்க மாநிலம் சாந்திநிகேதனில், மகாகவி ரவீந்திரநாத் தாகூர் வாழ்ந்த வளாகத்தில், பழைய சாய்வு நாற்காலி ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. அது வங்காளத்தில் செய்யப்பட்டதல்ல. 1925-ஆம் ஆண்டு அர்ஜென்டினாவிலிருந்து கப்பலேறி இந்தியா வந்து சேர்ந்தது. அதை அனுப்பி வைத்தவர், தாகூரை நேரில் காண்பதற்குப் பத்து ஆண்டுகள் முன்பிருந்தே அவருடைய எழுத்தை நெஞ்சில் வைத்துப் போற்றிய ஒரு வாசகி. அவர் பெயர் விக்டோரியா ஒகாம்போ. தாகூர் அவருக்குச் சூட்டிய பெயர் விஜயா.

புகழின் உச்சியில் இருந்த கவிஞருக்கும், உலகின் மறுகோடியில் இருந்த அவருடைய வாசகிக்கும் இடையே மலர்ந்த இந்த உறவு திருமணத்தில் முடியவில்லை. இருவரும் சேர்ந்து கழித்த காலம் மொத்தத்தில் சில மாதங்களே. ஆயினும், அந்தச் சில மாதங்கள் இருவரின் வாழ்விலும் அழியாத தடத்தைப் பதித்தன.

செல்வத்துக்குள் ஒரு சிறை

விக்டோரியா ஒகாம்போ 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி அர்ஜென்டினத் தலைநகர் பியூனஸ் அயர்ஸில் பெரும் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஆறு சகோதரிகளில் மூத்தவர். அக்கால மேட்டுக்குடி வழக்கப்படி பள்ளிக்கு அனுப்பப்படாமல், வீட்டிலேயே ஆசிரியைகளிடம் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்றார். தாய்மொழியான ஸ்பானிஷைவிடப் பிரெஞ்சு மொழியிலேயே எழுதுவது அவருக்கு எளிதாக இருந்தது.

மேடை நடிகையாக வேண்டும் என்பது இளமையில் அவர் கொண்டிருந்த கனவு. குடும்ப மானம் கருதிப் பெற்றோர் அதை அனுமதிக்கவில்லை. 1912-ஆம் ஆண்டு நடந்த திருமணமும் விரைவிலேயே கசந்தது. அர்ஜென்டினாவில் அப்போது விவாகரத்துச் சட்டம் இல்லாததால், முறிந்த மணவாழ்வின் பெயரளவு பந்தத்தை அவர் சுமக்க வேண்டியிருந்தது.

மனம் நொந்திருந்த அக்காலத்தில், 1914-ஆம் ஆண்டு, பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ஜீத் மொழிபெயர்த்த 'கீதாஞ்சலி' அவர் கைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தாகூருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. தனிமையில் அந்நூலைப் படித்த விக்டோரியா கண்ணீர் விட்டு அழுதார். குற்றம் சாட்டித் தண்டிக்கும் கடவுளையே சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவருக்கு, அன்பால் அழைக்கும் இறைவனைக் காட்டியது அந்தப் புத்தகம். அன்று முதல் தாகூர் அவருக்கு அந்நியர் அல்லர்.

நோயாளியாக வந்த விருந்தினர்

1924-ஆம் ஆண்டு பெரு நாட்டின் விடுதலை நூற்றாண்டு விழாவுக்குத் தாகூர் அழைக்கப்பட்டார். செல்லும் வழியில் அவர் பியூனஸ் அயர்ஸ் வருகிறார் என்ற செய்தி பத்திரிகைகளில் வெளியானதும், அந்நகரின் வாசகர் வட்டம் பரபரப்படைந்தது. விக்டோரியாவும் நாட்களை எண்ணிக் காத்திருந்தார். தாகூரைப் படிப்பதில் தாம் கண்ட மகிழ்ச்சியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, அந்நாட்டின் முன்னணி நாளிதழான 'லா நாசியோன்' இதழில் அந்த நவம்பரில் வெளியானது.

ஆனால், கப்பலில் வந்த தாகூர் காய்ச்சலால் துவண்டிருந்தார். வயது 63. இதயமும் தளர்ந்திருந்தது. ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடந்து பெரு செல்வது உயிருக்கே ஆபத்தாக முடியும் என்று மருத்துவர்கள் தடை விதித்தனர். அவருடன் செயலாளராக வந்திருந்த ஆங்கிலேயர் லியோனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், நோயாளியை எங்கே தங்க வைப்பது என்று தெரியாமல் திகைத்தார்.

தோழி ஒருவருடன் விடுதிக்குக் கவிஞரைக் காணச் சென்ற விக்டோரியா, சற்றும் யோசிக்காமல் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 34. கையில் வீடு இல்லை. நகரை அடுத்த சான் இசித்ரோவில் இருந்த தங்கள் மாளிகையைத் தரப் பெற்றோர் மறுத்துவிட்டனர். உறவினர் ஒருவருக்குச் சொந்தமான 'மிரால்ரியோ' என்ற வீட்டை அதே ஊரில் வாடகைக்கு எடுத்தார். செலவுக்காகத் தம் வைரத் தலையணி ஒன்றை விற்றார்.

நதியைப் பார்க்கும் வீடு

மிரால்ரியோ என்றால் நதியைப் பார்க்கும் வீடு என்று பொருள். கடல் போல் அகன்று கிடக்கும் பிளாட்டா நதியை நோக்கிய மாடி அறை தாகூருக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு வாரம் ஓய்வெடுக்க வந்தவர், 1925 ஜனவரித் தொடக்கம் வரை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அங்கு தங்கினார்.

விக்டோரியா அந்த வீட்டில் தங்கவில்லை. அருகிலிருந்த பெற்றோர் வீட்டிலிருந்து நாள்தோறும் வந்து போனார். பத்து ஆண்டுகளாக மனத்துக்குள் உரையாடி வந்த கவிஞர் எதிரில் அமர்ந்திருந்தபோது, அவருக்குப் பேச்சு எழவில்லை. ஆங்கிலம் நன்கு அறிந்தவர் ஆயினும், கூச்சம் நாவைக் கட்டிப்போட்டது. தோட்டத்துப் பூக்களைக் கொண்டு வந்து வைப்பதும், பார்வையாளர் கூட்டத்தை ஒழுங்கு செய்வதும், கவிஞரின் தனிமைக்குக் காவலிருப்பதுமே அவருடைய மொழியாக இருந்தன.

தாகூரோ 1902-ஆம் ஆண்டிலேயே மனைவி மிருணாளினி தேவியை இழந்தவர். அதைத் தொடர்ந்து பிள்ளைகளின் மரணத்தையும் கண்டவர். உலகம் அவரை ஞானியாகவும் குருவாகவும் கொண்டாடியதே தவிர, களைத்துப் போன மனிதராக அவரைப் பார்த்தவர்கள் குறைவு. இளம் வாசகி காட்டிய பரிவு, அவருக்குள் வறண்டிருந்த கவிதை ஊற்றைத் திறந்தது. அந்த வீட்டின் மாடியில் அமர்ந்து அவர் அடுத்தடுத்துக் கவிதைகள் எழுதினார். விக்டோரியா என்ற பெயரின் பொருள் வெற்றி என்பதால், அவரை விஜயா என்று அழைக்கலானார்.

மொழிபெயர்ப்பில் விடுபட்டவை

இந்த அன்பில் பிணக்குகளும் இருந்தன. அவற்றுள் ஒன்று மொழிபெயர்ப்பால் வந்தது. வங்க மொழியில் எழுதிய ஒரு கவிதையைத் தாகூர் ஒரு நாள் விக்டோரியாவுக்கு வாய்மொழியாக, சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் விளக்கினார். அதன் அழகில் மயங்கிய விக்டோரியா அதை எழுதித் தருமாறு வேண்டினார். மறுநாள் எழுதித் தரப்பட்ட வடிவில், முதல் நாள் கேட்ட பல படிமங்கள் காணாமற்போயிருந்தன. மேலை வாசகர்களுக்கு அவை ருசிக்காது என்று கருதி விட்டுவிட்டதாகக் கவிஞர் காரணம் கூறினார்.

விக்டோரியாவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. தம்மைப் போன்றோருக்கு முழுக் கவிதையையும் உணரும் ஆற்றல் இல்லை என்று கவிஞர் எண்ணிவிட்டாரே என்பது அவருடைய வருத்தம். ஆயினும், அந்த வருத்தத்தை அவர் மறைக்கவில்லை. குருவாகப் போற்றுபவரிடமும் தவறைத் தவறு என்று எடுத்துக் கூறினார். வழிபாட்டில் தொடங்கிய நேசம் சமநிலையான நட்பாக மாறியதை இந்த நிகழ்வு காட்டுகிறது.

இதற்கு மாறாக, பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் கவிதையொன்றை விக்டோரியா ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டியபோது, அதில் மேசை நாற்காலிகள் மிகுந்திருப்பதாகத் தாகூர் நகைத்ததும் உண்டு. அதே தாகூர் ஊர் திரும்பும்போது, அர்ஜென்டினாவிலிருந்து ஒரு நாற்காலியுடன்தான் கப்பலேறினார்.

மிரால்ரியோவில் அவர் விரும்பி அமர்ந்த சாய்வு நாற்காலி அது. கப்பலிலும் அதில் அவர் ஓய்வெடுக்க வேண்டும் என்று விக்டோரியா பிடிவாதம் பிடித்தார். அறை வாயிலில் அது நுழையவில்லை என்றதும், கப்பல் தலைவரிடம் வாதாடிக் கதவையே கழற்ற வைத்து உள்ளே ஏற்றினார்.

படிக்க முடியாத சமர்ப்பணம்

நாடு திரும்பிய தாகூர் 1925-ஆம் ஆண்டு 'பூரபி' என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். பூரபி என்பது அந்திநேர ராகம் ஒன்றின் பெயர். வாழ்வின் அந்தியில் எழுந்த அத்தொகுப்பை அவர் விஜயாவுக்குச் சமர்ப்பித்தார். வங்க மொழி அறியாத விக்டோரியாவால் அந்நூலின் ஒரு வரியைக்கூடப் படிக்க இயலாது என்பதை அறிந்தே, ஒரு பிரதியை அவருக்கு அனுப்பியும் வைத்தார். தமக்கென அளிக்கப்பட்ட நூலைத் திறந்து, புரியாத எழுத்துக்களைப் பார்த்துக்கொண்டிருப்பதே அந்த வாசகிக்கு வாய்த்தது.

ஆனால், அக்கவிதைகளின் கையெழுத்துப் பிரதியில் அவர் வேறொன்றைப் படித்திருந்தார். எழுதி அடித்த சொற்களைத் தாகூர் வெறுமனே விட்டுவிடுவதில்லை. அடித்த கோடுகளை ஒன்றோடொன்று இணைத்து விலங்காகவும் பறவையாகவும் முகமாகவும் வளர்த்துவிடுவார். பிறர் கிறுக்கல் என்று கடந்து போகக்கூடிய அக்கோடுகளில் ஓர் ஓவியரின் கை இருப்பதை, மிரால்ரியோவில் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தபோதே விக்டோரியா கண்டுகொண்டு ஊக்கப்படுத்தினார். எழுபதை நெருங்கும் வயதில் தாகூர் முழுமூச்சாக ஓவியத்தில் இறங்கினார்.

பாரிஸில் ஒரு மே மாதம்

1930-ஆம் ஆண்டு தம் ஓவியங்களுடன் பிரான்ஸ் வந்த தாகூர், அவற்றைக் காட்சிக்கு வைக்க விரும்பினார். கலைத் தலைநகரான பாரிஸில் குறுகிய காலத்தில் அரங்கு கிடைப்பது அரிது. அப்போது அங்கிருந்த விக்டோரியா, தம் செல்வாக்கையும் பணத்தையும் கொண்டு சில நாட்களிலேயே பிகால் அரங்கின் காட்சிக்கூடத்தை ஏற்பாடு செய்தார். மே மாதத் தொடக்கத்தில் அக்கண்காட்சி திறக்கப்பட்டது. தாகூரின் ஓவியங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது அதுவே முதல்முறை. அதன்பின் அவை பர்மிங்காம், பெர்லின், மாஸ்கோ, நியூயார்க் நகரங்களிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. தாகூர் விட்டுச் சென்ற ஓவியங்கள் 2,000-க்கும் மேற்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது.

தம்முடன் இந்தியா வருமாறு தாகூர் விக்டோரியாவை அழைத்தார். விக்டோரியாவோ தாம் தொடங்கவிருந்த இலக்கிய இதழ் தொடர்பாக நியூயார்க் செல்ல வேண்டியிருந்தது. பாரிஸ் ரயில் நிலையத்தில் விடைபெற்றவர்கள் அதன்பின் சந்திக்கவே இல்லை. சாந்திநிகேதனுக்கு வரும்படி கடிதங்களில் தொடர்ந்த அழைப்பும் நிறைவேறவில்லை.

வாசகியிலிருந்து பதிப்பாளராக

1931-ஆம் ஆண்டு விக்டோரியா தொடங்கிய 'சுர்' இதழ், லத்தீன் அமெரிக்க இலக்கியத்தின் போக்கையே மாற்றியது. சுர் என்றால் தெற்கு. ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் போன்றோர் அதன் பக்கங்களில் எழுதினர். இதழைச் சார்ந்த பதிப்பகம் வர்ஜினியா உல்ஃப் உள்ளிட்டோரின் நூல்களை ஸ்பானிஷில் கொண்டு வந்தது. மொழிபெயர்ப்பில் ஒரு புத்தகம் கிடைத்ததால் வாழ்வு மாறிய பெண், பிறருக்கு மொழிபெயர்ப்புகளைக் கொண்டு சேர்ப்பதைத் தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார்.

மணமான பெண்களின் உரிமைகளைச் சட்டத் திருத்தம் மூலம் பறிக்க முயற்சி நடந்தபோது, 1936-ஆம் ஆண்டு அர்ஜென்டினப் பெண்கள் சங்கத்தை உருவாக்கிப் போராடினார். 1953-ஆம் ஆண்டு அதிபர் பெரோன் ஆட்சியில் 26 நாட்கள் சிறையில் அடைக்கப்பட்டார். அவருடைய விடுதலைக்காகக் குரல் கொடுத்தவர்களில் இந்தியப் பிரதமர் ஜவாஹர்லால் நேருவும் ஒருவர்.

தாகூரின் நூற்றாண்டான 1961-இல், சான் இசித்ரோ நாட்களைப் பற்றி விக்டோரியா ஸ்பானிஷில் நினைவு நூல் ஒன்றை எழுதினார். வங்கக் கவிஞர் சங்கு கோஷ் அதை வங்க மொழிக்குக் கொண்டு வந்தார். 1968-இல் அர்ஜென்டினா சென்ற பிரதமர் இந்திரா காந்தி, விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் உயரிய 'தேசிகோத்தம' பட்டத்தை அவருக்கு வழங்கினார். இந்தியாவுக்கு ஒருமுறையும் வராதவரை இந்தியா தேடிச் சென்று கௌரவித்தது. 1977-இல் அர்ஜென்டின இலக்கியக் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரான விக்டோரியா, 1979 ஜனவரி 27-ஆம் தேதி காலமானார்.

எஞ்சிய நாற்காலி

இந்த உறவுக்கு என்ன பெயரிடுவது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. காதல் என்பாரும், பக்தி என்பாரும், ஆழ்ந்த நட்பு என்பாரும் உண்டு. கவிஞரின் உள்ளத்தில் ஏக்கம் கூடுதலாகவும், வாசகியின் உள்ளத்தில் போற்றுதல் கூடுதலாகவும் இருந்ததை அவர்களுடைய கடிதங்கள் உணர்த்துகின்றன. ஒருவரையொருவர் முழுமையாகப் பெற முடியாது என்பதை இருவரும் அறிந்திருந்தனர். அதற்காக அன்பைக் குறைத்துக்கொள்ளவில்லை.

1941-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி தாகூர் மறைந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், உடல்நலம் குன்றியிருந்த நிலையில், அர்ஜென்டினாவிலிருந்து வந்த அந்த நாற்காலியை நினைத்து அவர் ஒரு கவிதை புனைந்தார். கடலுக்கு அப்பால், தம் மொழி அறியாத ஒரு பெண் காட்டிய அன்பே அதன் பொருள். அதுவும் வங்க மொழியில்தான் எழுதப்பட்டது.

கதவைக் கழற்றிக் கப்பலில் ஏற்றப்பட்ட அந்த நாற்காலி, இன்றும் சாந்திநிகேதனில் இருக்கிறது.