நாவலரும் வியாசப் பொருளும்

வியாசம் எழுதவும் தர்க்கசபையிற் பேசவும் அழைக்கப்படும் மாணவர் பலர், எப்பொருளைக் குறித்துப் பேசுவது என்பதிலேயே இடர்ப்படுகின்றனர். கல்வியின் பெருமை, ஒற்றுமையின் சிறப்பு என்பன போன்ற அகன்ற தலைப்புக்களை எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கங்களில் மூச்சு முட்டி நின்றுவிடுகின்றனர். இவர்கட்குத் துணையாகும் என்று கருதி ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரது சரித்திரத்தில் ஒரு பகுதியை ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

நாவலர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் யாழ்ப்பாணத்து நல்லூரிற் பிறந்தார். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பீற்றர் பேர்சிவல் பாதிரியார் விவிலிய நூலைத் தமிழாக்கியபோது அவருக்கு உறுதுணையாயிருந்தவரும் இவரே. வகுப்பு முறையையும் அச்சுப்புத்தகத்தின் வலிமையையும் மேடைப் பிரசங்கத்தின் ஆற்றலையும் இவர் அருகிருந்து கண்டது அவ்விடத்தேதான். தாம் கற்ற கருவிகளைத் தம் சமயத்தொண்டுக்குப் பயன்படுத்த விரும்பி, 1848-இல் அப்பதவியைத் துறந்தார். மிஷன் கல்லூரியிற் பயிலும் நாம் இதனைக் குறையாகக் கொள்ளல் வேண்டா. கற்பித்தோர்க்கு இதுவும் ஒரு பெருமையே.

அதற்கு முன்னரே, 1847 டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவருடைய முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. பின்னர் வெள்ளிக்கிழமைதோறும் அது நடைபெற்றது. வாரந்தோறும் பேசுவோர்க்குப் பொருள் வறண்டுபோதல் இயல்பு. நாவலர்க்கோ அது வறளவில்லை. காரணம், அவர் நூல்களை மாத்திரம் நோக்காது, எதிரே அமர்ந்திருந்தோரின் வாழ்க்கையையும் நோக்கினார். ஆகமப் பொருளும் வழிபாடும் ஒருபுறமிருக்க, கள்ளுண்ணல், கொல்லாமை, பசுக்காத்தல், தானம் முதலாக, கேட்போர் இல்லத்திற் சென்று எண்ணிப் பார்க்கத்தக்கவற்றையே அவர் தேர்ந்தார்.

அவர் இயற்றிய பாலபாடங்களிலும் இம்முறையே காணப்படும். நான்காம் புத்தகத்திற் களவு, பொய், அழுக்காறு, கோபம், சூது, செய்ந்நன்றியறிதல் என ஒவ்வொன்றும் தனித்தனி வியாசமாயிருக்கின்றது. தலைப்பு ஒரு சொல்லேயாயினும், முதல் வாக்கியமே அதன் எல்லையை வரையறுத்துவிடும். களவு என்றால் பிறர்பொருளை எடுத்தல் மாத்திரமா, கவர நினைத்தலுமா என்பது தெளிவானபின்னரே அவர் மேற்செல்வார். எல்லை குறுகுந்தோறும் எழுதுதற்குரிய பொருள் பெருகக் காண்கின்றோம். நம் மாணவர் பெரும்பாலும் விடுத்துவிடுவது இந்த முதல் வாக்கியத்தையே. காடாம்புலியூர்ப் பக்கத்து மாணவரொருவர் உழவின் பெருமை என்று தொடங்குவதினும், தம் ஊர் முந்திரித் தோப்பில் விளைச்சல் குன்றினால் யார் யார்க்கு என்ன நேரும் என்று தொடங்குவாராயின், எழுதுகோல் தானே ஓடும்.

1864-இல் நாவலர் சிதம்பரத்திற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இக்கடலூர்ச் சீமைக்கும் அவர்க்கும் இவ்வாறு நெருங்கிய தொடர்பு உண்டாயிற்று. அத்தொடர்பில் ஒரு கசப்பும் உண்டு. வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா எனல் தகுமா என்பது குறித்து எழுந்த வாதம், நூலைப் பற்றிய ஆராய்ச்சியாக நில்லாமல், ஆட்களைப் பற்றிய வசையாகத் திரிந்தது. 1869-இல் அது மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரைக்கும் சென்றது. இரு திறத்தாரின் கண்டனப் பிரசுரங்களும் பிற்காலத்திலும் ஓயவில்லை. பொருளைத் தேர்வதில் நாவலரை வழிகாட்டியாகக் கொள்ளும் நாம், வாதம் நடத்தும் முறையில் அவரைப் பின்பற்றுமாறு எம் தர்க்கசபையார்க்குச் சொல்லத் துணியோம். அடிகளார் தமிழின் இனிமையையும் இப்பக்கத்தார் நன்கறிவர்.

நாவலர் 1879 டிசம்பர் 5-ஆம் நாள் யாழ்ப்பாணத்திற் காலமானார். சிதம்பரத்தில் அவர் நட்ட கல்விப்பயிர் அவர் பெயராலேயே இன்றும் நடைபெற்று வருகின்றது. விடுமுறையிற் கோயிலுக்குச் செல்லும் நண்பர்கள் அப்பள்ளியையும் ஒருமுறை கண்டு வருவாராக.