குறுங்கை வீரர் ராக்கி மார்சியானோ

வலிமை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நெடிய உடலும் நீண்ட கைகளும் புடைத்த தோள்களும் நம் கண்முன் தோன்றுகின்றன. இக்கருத்து முழு உண்மை அன்று என்பதைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் ராக்கி மார்சியானோ. குத்துச்சண்டை உலகில் மிகு எடைப் பிரிவின் வாகையராக 1952 முதல் 1956 வரை விளங்கிய இவர், தொழில்முறையில் ஆடிய 49 போட்டிகளிலும் வென்றார். அவற்றுள் 43 போட்டிகளில் எதிரி இறுதிவரை நிற்கவில்லை. அப்பிரிவின் வாகையர்களில் ஒரு தோல்வியோ சமநிலையோ இன்றி ஓய்வு பெற்றவர் இவர் ஒருவரே. அத்தகையவருடைய கைகள் அப்பிரிவின் வாகையர்தம் கைகளிலெல்லாம் மிகக் குறுகியவை என்றால் நாம் வியப்படையாமல் இருக்க இயலுமா? அக்குறுங்கைகளுக்கு அத்துணை ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதையும், அவ்வாற்றல் அவர் உள்ளத்தில் ஏற்றிய சுமையையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் என்றொரு நகரம் உண்டு. காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற அந்நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய எளிய குடும்பத்தில் 1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ராக்கோ பிரான்சிஸ் மார்ச்சிஜியானோ என்பதாகும். முதல் உலகப் போரில் நச்சுப் புகையால் நலங்குன்றிய தந்தை, காலணித் தொழிற்சாலையில் உழைத்துக் குடும்பத்தைக் காத்தார். மகனோ கைக்குழந்தையாய் இருக்கும்போதே நிமோனியா காய்ச்சலால் சாவின் விளிம்புவரை சென்று மீண்டவர்.

பள்ளிப் படிப்பை இடையில் விட்ட அவர், நிலக்கரி வண்டியிலும் மண்வெட்டும் வேலையிலும் காலணித் தொழிற்சாலையிலும் கூலிக்கு உழைத்தார். தந்தையின் உடலை உருக்கிய அத்தொழிற்சாலையில் தம் வாழ்நாளைக் கழிக்கக்கூடாது என்னும் உறுதி அவர் நெஞ்சில் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படையில் பணியாற்றியபோது குத்துச்சண்டையில் ஈடுபட்டார். ஆயினும் அவர் கனவு பேஸ்பால் ஆட்டத்திலேயே இருந்தது. 1947இல் ஓர் அணியின் தேர்வுக்குச் சென்றார். பந்தைத் தொலைவுக்கு எறியும் ஆற்றல் அவர் கைக்கு இல்லை என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டனர்.

இந்நிகழ்ச்சியை நாம் எளிதாகக் கடந்துவிடக்கூடாது. பந்தை எறிய வலுவற்றது என்று தள்ளப்பட்ட அதே கை, ஐந்தே ஆண்டுகளில் உலக வாகையரை ஒரே குத்தில் சாய்த்தது. அப்படியாயின் குத்தின் வலிமை கையில் மட்டும் இல்லை என்பது தெளிவு.

குத்தின் வலிமை பிறக்கும் இடம்

குத்து என்பது முட்டி செய்யும் வேலை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது பாதத்தில் தொடங்குகிறது. பின்கால் தரையை உந்துகிறது. தரை அவ்வுந்தலைத் திருப்பித் தருகிறது. அவ்விசை முழங்கால் வழியே இடுப்புக்கு ஏறுகிறது. இடுப்பு சுழல, உடற்பகுதி சுழல்கிறது; தோள் முன்னேறுகிறது; இறுதியில் முட்டி பாய்கிறது. சாட்டையின் பிடியில் தொடங்கும் அசைவு நுனியில் சீறுவதைப் போன்றது இது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி பிந்தினாலும் முந்தினாலும் விசை சிதறிவிடும். 1985இல் வெளிவந்த சோவியத் நாட்டு ஆய்வொன்று இதனை அளந்து காட்டியது. தேர்ந்த வீரர்களின் நேர்க்குத்தில் கால்களின் பங்கு ஏறத்தாழ 38 விழுக்காடு, உடற்சுழற்சியின் பங்கு 37 விழுக்காடு, கையின் பங்கு 24 விழுக்காடு. பயிற்சியில் தாழ்ந்தவர்களிடமோ கால்களின் பங்கு 17 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது.

இரண்டாவதாக, முட்டியின் விரைவு மட்டும் போதாது. அதன் பின்னால் எவ்வளவு நிறை வந்து மோதுகிறது என்பதும் வேண்டும். கை தனியே பறந்தால் கையின் நிறை மட்டுமே எதிரியைத் தாக்கும். தொடும் கணத்தில் மணிக்கட்டும் முழங்கையும் தோளும் ஒரு கோலைப் போல் இறுகி நின்றால் உடலின் நிறையும் உடன்சென்று மோதும். பாயும்போது தசை தளர்ந்திருக்க வேண்டும். படும்போது இறுக வேண்டும். தொடக்கத்திலேயே இறுகிய கை விரைவிழக்கும். கடைசிவரை இறுகாத கை வலுவிழக்கும்.

விரைந்து சுருங்கும் தசையிழைகளின் மிகுதி, எலும்பின் அமைப்பு, தசைநார் எலும்பில் பொருந்தும் இடம் ஆகியன பெரும்பாலும் பிறப்பால் வருவன. ஊன்றி நிற்கும் நிலை, உடற்சமன், சுழற்சி, காலம் அறிதல் ஆகியன பயிற்சியால் வருவன. முன்னவற்றை இயற்கை தருகிறது. பின்னவற்றை ஆசான் தருகிறார். மார்சியானோவுக்கு இவ்விரண்டும் வாய்த்தன.

ஆசான் கோல்ட்மன்

மார்சியானோவின் உயரம் 5 அடி 10½ அங்குலம்; எடை ஏறத்தாழ 84 கிலோ. விரித்த கைகளின் அளவு 68 அங்குலமே. அவருக்கு முன்னைய வாகையர் ஜோ லூயிக்கு அது 76 அங்குலம். பின்னாளில் வந்த முகம்மது அலிக்கு 78 அங்குலம். ஆனால் மார்சியானோவின் தொடைகள் தடித்தவை. இடுப்பும் முதுகும் உரம் பாய்ந்தவை.

1948இல் நண்பர் ஆலி கொலம்போவின் முயற்சியால் அவர் நியூயார்க் சென்று, சார்லி கோல்ட்மன் என்னும் பயிற்றுநரைக் கண்டார். கோல்ட்மன் குள்ள உருவினர். தாமே இளமையில் நூற்றுக்கணக்கான போட்டிகளில் ஆடியவர். வந்த இளைஞருக்கு வயது இருபத்துநான்கு. அத்தொழிலுக்கு அது பிந்திய வயது. கால்களை அகல விரித்து நின்றார், சமநிலை இல்லை, காப்பு இல்லை, இடக்கை ஏறக்குறையப் பயனற்றுக் கிடந்தது. ஆயினும் வலக்கை எங்கே பட்டாலும் எதிரி ஆடிப்போவதைக் கோல்ட்மன் கண்டார்.

ஆசானின் அறிவுடைமையை இங்கே நாம் போற்ற வேண்டும். நெடியவர்களைப் போல் நிமிர்ந்து நின்று தொலைவிலிருந்து ஆடுமாறு அவர் இவரை வற்புறுத்தவில்லை. உயரம் குறைவா? இன்னும் குனிந்து ஆடு என்றார். கை குறுகியதா? எதிரியின் நெஞ்சோடு நெருங்கு என்றார். குனிந்து மடங்கிய கால்கள் அழுத்திய சுருள்வில் போல் ஆயின. அங்கிருந்து எழும்பி வரும் ஒவ்வொரு குத்திலும் உடல் முழுவதும் ஏறி வந்தது. குறுகிய தொலைவில் செல்லும் குத்தை எதிரி காண்பதற்கும் காலம் இல்லை. இவ்வாறு குறை எனப்பட்டதே கருவியாயிற்று.

மாணவரின் உழைப்பும் அதற்கு ஈடாக இருந்தது. வழக்கத்தைவிடக் கனமான மணற்பையை அவர் அடித்துப் பழகினார். பிராக்டனின் நீச்சல் குளத்தில் கழுத்தளவு நீரில் நின்று நீரை எதிர்த்துக் குத்தினார். நாள்தோறும் பல கல் தொலைவு ஓடினார், நடந்தார். முதற் சுற்றில் இருந்த வலிமை பதின்மூன்றாம் சுற்றிலும் இருக்க வேண்டுமானால், அதனைத் தாங்குவது நுரையீரலும் கால்களுமே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1949ஆம் ஆண்டின் இறுதி

1949 டிசம்பர் 30 அன்று நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் கார்மைன் விங்கோ என்னும் இளைஞரோடு மார்சியானோ மோதினார். விங்கோவுக்கு அப்போது இருபது வயது. ஆறாம் சுற்றில் விழுந்த அவர் நினைவிழந்தார். மூளையில் ஏற்பட்ட காயத்தால் உயிருக்கே ஊசலாடினார்.

தாடையில் படும் குத்து தலையைத் திடீரெனச் சுழற்றுகிறது. மண்டையோடு திரும்பும் விரைவுக்கு மூளை ஈடுகொடுக்க இயலாமல் திருகுண்டு நோகிறது. மயக்கம் வருவது இதனால்தான். குத்துச்சண்டையர்க்கு இவ்வாறு நேரும் மூளைச் சிதைவைப் பற்றி 1928லேயே மருத்துவ உலகம் எழுதியிருந்தது. எந்த ஆற்றலுக்காக மார்சியானோ அல்லும் பகலும் உழைத்தாரோ, அதன் முழு உருவம் அன்றிரவு அவர் கண்முன் கிடந்தது.

அவர் கலங்கினார், விங்கோ பிழைக்க வேண்டும் என்று இறைஞ்சினார், மருத்துவச் செலவுக்குப் பொருளுதவி செய்தார், இத்தொழிலை விட்டுவிடலாமா என்றும் எண்ணினார். விங்கோ பிழைத்தார். ஆனால் உடலின் ஒரு பக்கம் நலிவுற்றது. அவர் மீண்டும் மேடை ஏறவில்லை. ஓராண்டு கழித்து மார்சியானோவின் திருமணத்திற்கு விருந்தினராக அவர் வந்தார். தம்மை வீழ்த்தியவரின் இன்பநாளில் அவர் வந்து அமர்ந்த காட்சியை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது. மார்சியானோ தொழிலை விடவில்லை. அது சரியா தவறா என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. வறுமையிலிருந்து தம் குடும்பத்தை மீட்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றே என்பதை மட்டும் நினைவிற் கொள்வோம்.

வெற்றியின் கண்ணீர்

1951 அக்டோபர் 26 அன்று இளமை முதல் தாம் போற்றிய ஜோ லூயியை எதிர்கொள்ளும் நிலை அவருக்கு வந்தது. லூயிக்கு வயது முப்பத்தேழு. வரிக்கடன் நெருக்கியதால் மேடைக்குத் திரும்பியவர். எட்டாம் சுற்றில் லூயி கயிறுகளுக்கு இடையே விழுந்தார். வென்றவர் மகிழவில்லை; உடைமாற்றும் அறையில் கண்ணீர் விட்டார்.

1952 செப்டம்பர் 23 அன்று பிலடெல்பியாவில் வாகையர் ஜெர்சி ஜோ வால்காட்டை எதிர்த்து மேடையேறினார். முதற் சுற்றிலேயே, வாழ்வில் முதன்முறையாக, மார்சியானோ தரையில் விழுந்தார். எழுந்து பன்னிரண்டு சுற்றுகள் அடிபட்டுக்கொண்டே முன்னேறினார். மூன்று நடுவர்களின் கணக்கிலும் அவர் பின்தங்கியிருந்தார். பதின்மூன்றாம் சுற்றின் முதல் நிமிடத்தில் கயிற்றோரம் ஒரு குறுகிய வலங்கைக் குத்து விழுந்தது; வால்காட் அப்படியே சரிந்தார். அக்குத்து பயணம் செய்த தொலைவு மிகச் சிறிது. கோல்ட்மன் கற்பித்த பாடம் முழுவதும் அச்சிறு தொலைவில் அடங்கியிருந்தது.

அதன்பின் ஆறு முறை பட்டத்தைக் காத்தார். 1953இல் ரோலண்ட் லாஸ்டார்சா கைகளால் தம்மைக் காத்துக்கொள்ள, மார்சியானோ அக்கைகளையே அடித்துச் சோரவைத்தார். 1954இல் எசார்டு சார்லஸ் பதினைந்து சுற்றும் தாங்கி நின்றார். மறுமுறை மோதியபோது மார்சியானோவின் மூக்கு ஆழமாகப் பிளந்தும் எட்டாம் சுற்றில் அவரே வென்றார். 1955 செப்டம்பர் 21 அன்று ஆர்ச்சி மூரிடம் இரண்டாம் சுற்றில் விழுந்தெழுந்து ஒன்பதாம் சுற்றில் வென்றதே அவருடைய கடைசிப் போட்டி.

ஓய்வும் மறைவும்

1956 ஏப்ரல் 27 அன்று, முப்பத்திரண்டாம் வயதில், அவர் ஓய்வை அறிவித்தார். வாகையர் பலர் பணத்திற்காகத் திரும்பி வந்து சிறுமையுற்றனர். லூயியின் நிலையைத் தம் கையாலேயே கண்டவர் இவர். ஆதலால் திரும்பி வரவில்லை. 1969இல், பட்டம் பறிக்கப்பட்டுப் போட்டிகளுக்கும் தடை பெற்றிருந்த முகம்மது அலியோடு, கணினியின் கணிப்பைப் படமாக்கும் பொருட்டு மேடையேறியது மட்டுமே விதிவிலக்கு. அப்படம் வெளிவருமுன்பே, 1969 ஆகஸ்டு 31 அன்று, அயோவா மாநிலத்தின் நியூட்டன் அருகே சிறு விமானம் வீழ்ந்து அவர் மறைந்தார். மறுநாள் விடிந்திருந்தால் அவருக்கு நாற்பத்தாறு வயது நிறைந்திருக்கும். 2012இல் பிராக்டனில் அவருக்குச் சிலை எழுந்தது. 2017இல் வேறொரு எடைப் பிரிவைச் சேர்ந்த ஃபிளாய்டு மேவெதர் ஐம்பதாவது வெற்றி பெற்று அவ்வெண்ணிக்கையைக் கடந்தார். மிகு எடைப் பிரிவில் அச்சாதனை அவ்வாறே நிற்கிறது.

நிறைவாக, மாணவச் செல்வங்கள் இவ்வாழ்விலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கன இரண்டு. தனக்கு இல்லாததை எண்ணி ஏங்குபவர் பலர். இருப்பதைக் கொண்டு எழுபவர் சிலர். குறுங்கையை எண்ணி அவர் ஏங்கியிருந்தால் காலணித் தொழிற்சாலையே கதியாகியிருக்கும். குறையறிந்து கற்பிக்கும் ஆசானும், கற்பித்ததை உழைப்பால் உடலில் எழுதிக்கொள்ளும் மாணவரும் சேர்ந்தால் இயற்கையின் கருமித்தனத்தையும் வெல்லலாம். இது முதலாவது. மற்றொன்று இதனினும் பெரிது. விங்கோவின் நோயையும் லூயியின் வீழ்ச்சியையும் எண்ணிக் கலங்கியவர் மார்சியானோ. தம் ஆற்றல் பிறரை என்ன செய்யும் என்பதை அறிந்து அஞ்சும் உள்ளம் அவருக்கு இருந்தது. அவ்வச்சத்தையும் சேர்த்தே நாம் வலிமை என்று கொள்ள வேண்டும்.