உயரம் பாய்ந்த ஜோன்சன்

1958 ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில், யாழ்ப்பாணத்து நா. எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் தங்கம் வென்றதை நம்மவர் நன்கறிவர். அவர் தாண்டியது 2.03 மீற்றர். இருபத்திரண்டு ஆண்டுகட்கு முன்னர் அதே உயரத்தைத் தாண்டிப் பெர்லின் ஒலிம்பிக்கில் வாகை சூடியவர் கொர்னீலியஸ் ஜோன்சன்.

1913 இல் பிறந்த இவர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். 1932 ஒலிம்பிக்கில், வென்றவரோடொப்ப 1.97 மீற்றர் தாண்டியும் நான்காம் இடமே பெற்றார். உளந்தளராது பயின்று, 1936 யூலையில் 2.07 மீற்றர் பாய்ந்து உலக சாதனை நாட்டினார். அடுத்த திங்களிற் பெர்லினில் தங்கமும் எய்தினார். அன்று முன்னர் வென்றோர் சிலரை அழைத்துப் பாராட்டிய ஹிட்லர், இவர் பதக்கம் பெறுமுன்னரே அரங்கினின்றும் அகன்றார்.

வென்றோர்க்கு ஆங்கு வழங்கப்பெற்ற ஓக் மரக்கன்றை ஜோன்சன் லொஸ் ஏஞ்சல்சிலுள்ள தம் இல்லத்தில் நடுவித்தார். தபாற்காரராய் உழைத்தார்; பின்னர்க் கப்பலிற் பாண் சுடும் பணி ஏற்றார். 1946 இல், கப்பலிலேயே நோயுற்று, முப்பத்திரண்டாம் அகவையில் மறைந்தார்.

எழுந்து போனவர் போகுக. அளவுகோல் நிறம் அறியாது.